பனிக்குடம் உடைந்ததை அறிந்த வரலாறு

மக்கட்பேற்றைக் குறித்து நம் சங்க வெளியீட்டிலே இதுகாறும் வந்த கட்டுரைகள் பெரும்பாலும் பேற்றுக்குப் பின் நிகழ்வனவற்றையே பேசின. பெயரிடுதல், காதுகுத்தல், கல்வி தொடங்குதல் முதலியவற்றை அன்பர் பலர் நன்கு விளக்கியுள்ளனர். பேற்றுக்கு முன்னர்ச் சில நாழிகைப் பொழுதில் ஒரு தாயின் ஆடை நனைகின்றதே, அந்நனைவு யாது, அதனை உலகத்தார் யாங்ஙனம் அறிந்துகொண்டனர் என்பதைப் பற்றி எவரும் எழுதினாரில்லை. ஆடவர் எழுதுதற்கு நாணுதலும், பெண்டிர் எழுதுதற்கு இடம் பெறாமையுமே அதற்குக் காரணமென்று எண்ணுகின்றோம். யாம் தமிழ்ப்பண்டிதரேயன்றி மருத்துவரல்லேம். ஆயினும் எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றன்பின் இப்பொருளை ஒருவாறு தேடிக் கற்றோம். கற்றதை ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் சொல்லினின்று தொடங்குவாம். அஃதொன்றே எமக்குப் பழகிய துறை. கருவறையினுள் சேயைச் சூழ்ந்து நிற்கும் நீரையும் அதனைத் தாங்கும் மெல்லிய பையையும் ஒருசேரப் ‘பனிக்குடம்’ என்கின்றோம். சிற்றூர்ப் பெண்டிர் ‘பன்னீர்க்குடம்’ என்பர். இதனைப் பிழையென்று திருத்தப் புகுவார் சிலர் உளர். பன்னீர் என்பதே பனிநீர் என்பதன் திரிபாதலின் இரண்டும் ஒருசொல் நீர்மையவே. கலங்கலின்றித் தெளிந்து, பெரிதும் நாற்றமின்றி, ஒரோவழிச் சிறிது இனிய மணமுடையதாய் இருத்தலின் அந்நீர் அப்பெயர் பெற்றது போலும். பெயரிட்ட பெண்டிர் அந்நீரைக் கண்டும் முகர்ந்தும் அறிந்தவரென்பது இச்சொல்லொன்றானே பெறப்படும்.

அப்பையின் நீர் முப்பத்துநான்காம் வாரத்தையொட்டி ஏறத்தாழ 800 மில்லி அளவினதாய் மிக்கிருந்து, பின்னர் நாள் முதிருந்தோறும் சிறிது குறைந்து வரும். அது பெரும்பாலும் பேற்றுவலி தோன்றி முதிர்ந்த பின்னரே உடையும். நாள் நிறைந்த தாயர் நூற்றுவருள் எண்மர்க்கு அளவில் வலி தோன்றுமுன்னரே உடைந்துவிடுகின்றது. திரைப்படங்களிற் காட்டுமாறு குடம் கவிழ்ந்தாற்போலக் கொட்டுதல் எல்லார்க்கும் நிகழ்வதன்று. பை மேற்புறத்தே சிறிது கிழியின் நீர் துளித்துளியாய்க் கசியும். கொட்டுவதை யாவரும் அறிவர். கசிவதை அறிதலே அரிது. அவ்வருமையினாலேயே இவ்வரலாறு தோன்றிற்று.

எம் இல்லத்து நிகழ்ச்சியை இவ்விடத்தே கூறிவிடுதல் நலம். 2013-ஆம் ஆண்டு மார்கழியில் எம் தங்கை வளைகாப்பு முடித்துத் தாய்வீடு வந்திருந்தாள். அவளுக்கு அப்பொழுது முப்பத்தைந்தாம் வாரம். ஓரிரவு அவள் தன் அண்ணியை எழுப்பி, “உடுத்த துணி நனைந்துகொண்டேயிருக்கிறது அண்ணி” என்றாள். அண்ணி அதனை எம் அன்னையாரிடம் கூற, அவர், “பிள்ளை கீழிறங்கி மூத்திரப்பையை அழுத்துகிறது. உன்னைச் சுமந்தபோது எனக்கும் இப்படித்தான் இருந்தது. படுத்துக்கொள் அம்மா” என்றார். மறுநாட் காலை எம்மிடம், “தங்கைக்கு உடம்பு சற்றுச் சரியில்லை” என்ற அளவிற் சொல்லப்பட்டது. “அம்மாவைக் கேட்டுச் செய்யுங்கள்” என்று கூறி யாம் பள்ளிக்குச் சென்றோம். அவளும் தமையனிடத்தும் தந்தையிடத்தும் இதனைப் பேச நாணினாள். மூன்றாம் நாள் அவளுக்குக் குளிரும் சுரமும் கண்டன. கசிந்த நீரும் தீநாற்றம் வீசிற்று. மருத்துவமனையில் லேடி டாக்டர் கேட்ட முதல் வினா, “எப்போது முதல் நனைகிறது?” என்பது. யாம் ஒருவரும் விடை கூறமாட்டாது நின்றோம். தங்கைதான், “முந்தாநாள் இரவு, இரண்டு மணி” என்றாள். அன்றே ஆண்மகவு பிறந்தது. நான்கு நாள் வாழ்ந்தது.

அன்னையார் கூறியதில் ஒரு பாதி உண்மை என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். கருமுதிர்ந்த காலத்துப் பனிநீரின் பெரும்பகுதி சேய் கழிக்கும் சிறுநீரே. தாயினது அன்று என்பதொன்றே வேறுபாடு. அவ்வேறுபாட்டிலேதான் உயிர் இருந்தது.

இனி வரலாற்றிற் புகுவாம். பண்டைக்காலத்து மருத்துவச்சியர் பனிக்குடம் உடைந்ததோ இல்லையோ என்பதைக் கையாலேயே தேர்ந்தனர். உட்கை செலுத்தித் தொடுங்கால் முன்னே புடைத்து நிற்கும் பை விரற்குத் தட்டுப்படின் உடையவில்லை. சேயின் தலையே நேராகத் தட்டுப்படின் உடைந்தது எனக் கொண்டனர். கிறித்துவுக்குப்பின் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமாபுரியில் மருத்துவம் புரிந்த எபேசு நகரத்துச் சொரானசு என்னும் கிரேக்கர் பெண்டிர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நல்ல மருத்துவச்சிக்கு விரல்கள் நீண்டும் நகங்கள் குறுகியும் இருத்தல் வேண்டுமென்று அதிற் கூறினார். கை உட்புகுதல் அத்தொழிலில் எத்துணை இன்றியமையாததாய் இருந்ததென்பது இதனால் விளங்கும். அவர்க்குப்பின் ஆயிரத்தறுநூறு ஆண்டுகட்கு மேலாகவும் அம்முறையே நிலவியது.

ஐரோப்பாவிற் பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுகளிற் பெரிய நகரங்கள்தோறும் பிரசவ மருத்துவமனைகள் எழுந்தன. அங்கே ஒரு தாயைத் தொட்ட கை, கழுவப்படாமலே அடுத்த தாயைத் தொட்டது. பிள்ளைபெற்ற தாயர் சின்னாட்களில் சுரங்கண்டு மாண்டனர். அதனைச் ‘சூதிகைச் சுரம்’ என்று நம்மவர் கூறுவர். 1795-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து தேயத்து அபர்தீன் நகரத்து அலெக்சாந்தர் கோர்டன் என்னும் மருத்துவர், இச்சுரத்தை ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்குத் தாமே சுமந்து சென்றதாக அச்சிட்டு வெளியிட்டார். தன் குற்றத்தைத் தானே எழுதும் நெஞ்சுரம் எளிதிற் கிட்டுவதன்று. ஊரார் அவரைப் போற்றினாரல்லர். 1843-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் இதனையே மீண்டும் வலியுறுத்த, அவரையும் பெரும் பேராசிரியர்கள் இகழ்ந்தனர்.

இவ்விருவரினும் நம் பொருட்கு நெருங்கியவர் செம்மல்வைசு என்பவர். 1818-இல் அங்கேரி நாட்டுப் பூதாவிற் பிறந்த இவர், வியன்னா நகரத்துப் பெருமருத்துவமனையில் உதவி மருத்துவராய் அமர்ந்தார். அங்குப் பிரசவச்சாலை இரண்டு இருந்தன. ஒன்று மருத்துவ மாணாக்கர் பயில்வது; மற்றொன்று மருத்துவச்சியர் பயில்வது. 1846-ஆம் ஆண்டில் முதலாவதில் மாண்ட தாயர் நூற்றுக்குப் பதினொருவர்க்கு மேற்பட்டனர். இரண்டாவதில் மூவரினும் குறைந்தனர். ஊர்ப்பெண்டிர் இதனை அறிந்து, முதற்சாலையில் தம்மைச் சேர்க்க வேண்டாவென முழந்தாளிட்டு மன்றாடினர் என்ப. காற்றின் குற்றமென்றும், அச்சத்தின் விளைவென்றும் கற்றோர் காரணம் பல கூறினர். செம்மல்வைசு ஒவ்வொன்றாய் ஆராய்ந்து ஒதுக்கினார்.

அவர் கண்டவற்றுள் யாம் படித்து நின்றுவிட்ட இடம் ஒன்றுண்டு. முதற்சாலையில் பேற்றின் முதற்கட்டம் ஒரு நாள், இரு நாள் என நீண்ட தாயர் ஏறக்குறைய அனைவரும் சுரங்கண்டு மாண்டனர். இரண்டாம் சாலையில் அங்ஙனம் நீண்டவர்க்கு அத்தீங்கு நிகழவில்லை. மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றவரோ, எத்துணையும் காவலின்றிப் பெற்றும், பெரும்பாலும் நலமாயிருந்தனர். என்னை? நீண்டு கிடந்தாளை மாணாக்கர் பலர் பலகாலும் உட்கை செலுத்தித் தேர்ந்தனர். தெருவிற் பெற்றாளை ஒருவரும் அங்ஙனம் தேரவில்லை. கதவு திறந்து கிடந்த நேரம் நீளநீள அதன்வழிச் சென்ற கைகளும் பலவாயின.

1847 மார்ச்சு மாதத்தில் இவருடைய நண்பர் கொலெச்சுக்கா என்னும் பேராசிரியர், பிணத்தை அறுத்துக் காட்டுங்கால் மாணாக்கன் கத்தி விரலிற் பட்டு மாண்டார். அவருடலிற் கண்ட குறிகளும் சூதிகைச் சுரத்தால் மாண்டார் குறிகளும் ஒன்றாயிருத்தலை நோக்கிச் செம்மல்வைசு உண்மை தெளிந்தார். மாணாக்கர் பிணவறையினின்று நேரே பிரசவச்சாலைக்கு வருதலும், மருத்துவச்சியர் பிணந்தொடாமையும் அவர்க்கு விளங்கின. அவ்வாண்டு மே மாதத்திற் குளோரின் கலந்த சுண்ணநீரிற் கைகழுவியே உள்ளே வருதல் வேண்டுமெனக் கட்டளையிட்டார். 1848-இல் முதற்சாலையின் இறப்பு நூற்றுக்கு 1.27 ஆயிற்று. இடையில் 1847 அக்டோபரில், கருப்பையிற் புற்றுநோய் கொண்டு சீழ்வடிந்த ஒருத்தியை முதலிலே தேர்ந்த கைகள் அவளை அடுத்திருந்தாரையும் தொட, பன்னிருவருள் பதினொருவர் மாண்டனர். பிணத்தின் நஞ்சேயன்றி உயிருள்ளார் நஞ்சும் கைவழிச் செல்லும் என்பதை அவர் அதனால் அறிந்தார். உலகம் அவரை ஏற்கவில்லை. 1861-இல் தம் கொள்கையைப் பெருநூலாக வெளியிட்டார். 1865-இல் மனநோயாளர் விடுதியில் மாண்டார். 1879-இல் பாஸ்தர், பாரிஸ் நகரத்து மருத்துவக் கழகத்திற் கரும்பலகையின்மேற் சங்கிலி போன்ற கிருமியுருவை வரைந்து, இதுவே அந்நோயின் வித்து என்று காட்டினார். 1936-இல் இலண்டன் நகரத்துக் கோல்புரூக்கு என்பார் சல்பா மருந்தால் அச்சுரத்தைத் தணித்துக் காட்டினார். பின்னர்ப் பெனிசிலின் வந்தது.

இவற்றாற் பெறப்படுவது யாதெனின், பனிக்குடம் உடைந்ததோ என்று அறியப் புகுந்த கையே பன்னூறாண்டு தாயரைக் கொன்றது என்பதாம். கையை விலக்கின், அறிதற்கு வேறு வாயில் வேண்டும். இருபதாம் நூற்றாண்டு அவ்வாயிலைத் தேடியது.

தேடியவர்க்கு ஒரு சிறு வேறுபாடு துணைசெய்தது. பெண்ணுறுப்பின் இயல்பான ஈரம் புளிப்புத் தன்மையது. பனிநீரோ சற்றுக் காரத் தன்மையது. எனவே புளிப்புக்கு ஒரு நிறமும் காரத்துக்கு ஒரு நிறமும் காட்டும் தாள் ஒன்று போதும். 1938, 1940 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கப் பிரசவ வைத்திய இதழில் இச்சோதனையைப் பற்றிக் கட்டுரைகள் வெளிவந்தன. நைட்ரஸீன் என்னும் சாயம் தோய்ந்த மஞ்சள் நிறத் தாள் பனிநீர் பட்டவிடத்து நீலமாகும். மிக எளிதே. ஆயினும் குருதி பட்டாலும், சோப்பு பட்டாலும், ஆடவர் விந்து கலந்திருப்பினும், சில கிருமிநோய் இருப்பினும் அத்தாள் நீலமாகும். கசிவு மிகச் சிறிதாயின் உடைந்தும் மஞ்சளாகவே நிற்கும். ஆதலின் அதனை மட்டும் நம்புதல் ஆகாதாயிற்று.

மற்றொரு வழி எம்மைப் பெரிதும் வியப்பித்தது. பனிநீர்த் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி உலரவிட்டு நுண்ணோக்காடியிற் கண்டால், அதனிலுள்ள உப்பு பெரணிச்செடியின் இலைபோலக் கிளைத்துக் கிளைத்துப் பரந்திருக்கும். மூத்திரமோ வெள்ளையோ பெரும்பாலும் அங்ஙனம் காட்டாது. கருப்பைவாயின் சளியில் இத்தகைய இலையுருவை 1940-களில் எடுத்துக்காட்டியவருள் ஒருவர், பெண்டிர்க்குப் புற்றுநோய்த் தேர்வு கண்ட பாப்பனிகொலாவு என்னும் கிரேக்க அறிஞர். 1950-களிற் பிறர் அதனைப் பனிநீர் அறிதற்குப் பயன்படுத்தினர். சேய் நீந்திய நீர் உலர்ந்து செடியாய் விரிதலை எண்ணுந்தோறும் புலவர்க்குப் பொருளாகத் தக்கதென்றே தோன்றுகின்றது. ஆயின் அது நிற்க.

நம் நாட்டு நிலையைச் சிறிது கூறுவாம். சென்னை எழும்பூரில் 1844-இல் பிரசவ மருத்துவமனை தோன்றியது. 1875-இல் மேரி சார்லீப் முதலிய மாதர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயிலச் சேர்ந்தனர். ஆண் மருத்துவரைத் தம் பெண்டிரிடம் விடாத குலத்தார் பலராயிருந்தமையின், 1885-இல் சாதிமகளிர்க்கும் கோஷா மகளிர்க்குமெனத் தனி மருத்துவமனை நிறுவப்பட்டது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரால் வழங்குவது அதுவே. அக்காலத்துச் சாதிப்பெருமை தம் வீட்டுப் பெண்டிர் உயிரினும் பெரிதாக மதிக்கப்பட்டதென்பதை ஒரு சாதிச்சங்கத்து வெளியீட்டிலேயே எழுதுதல் தகும் என்று துணிகின்றோம். 1912-இல் முத்துலட்சுமி அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றார். எழும்பூர் மருத்துவமனையின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், அவர் எழுதிய பிரசவ மருத்துவநூல் இன்றும் மாணாக்கர் கையில் உள்ளது. ஊர்தோறும் இருந்த மருத்துவச்சியர் இவர்களிலெல்லாம் எண்ணப்படாதவர். எம் பாட்டியாருக்குப் பேறு பார்த்த மூதாட்டி, நனைந்த துணியைக் கேட்டு வாங்கி ஒளியிற் பிடித்துப் பார்த்து முகர்ந்த பின்னரே பேசுவாராம். அவர் இருந்திருப்பின் எம் தங்கையின் துணியையும் கேட்டிருப்பார்.

இன்று மருத்துவமனையிற் செய்வது யாதெனின், கைவிரலாற் சோதித்தலை இயன்றவரை தவிர்த்து, தூய்மைசெய்த கருவியால் விரித்துக் கண்ணாலே நோக்குகின்றனர். உள்ளே நீர் தேங்கி நின்றாலும், இருமச்சொல்லுங்கால் வாயினின்று வழிந்தாலும் உடைந்ததென்பது உறுதி. ஐயமாயின் மேற்சொன்ன தாளும் தகடும், பனிநீரில் மட்டுமே மிகுந்திருக்கும் புரதங்களைக் காட்டும் புதிய கீற்றுகளும், எதிரொலிப் படமும் துணையாகின்றன. இக்கீற்றுகளை மட்டும் நம்பி முடிவுசெய்தல் தீங்கு விளைக்கும் என்று அமெரிக்க அரசின் மருந்துத்துறை 2018-இல் மருத்துவர்களை எச்சரித்தது. தாயின் சொல்லும், கண்ட குறியும், கருவியும் கூடியே முடிபு தரும்.

முடிபு ஏன் விரைந்து வேண்டுமெனின், நாள் நிறைந்தவர்க்கு உடைந்தபின் இருபத்துநான்கு மணிக்குள் நூற்றுவருள் அறுபதின்மர்க்குத் தானே வலி வரும். வாராதவர்க்கு வலி வருவித்தலா, காத்திருத்தலா என்பதை மருத்துவர் முடிவு செய்வர். 1996-இல் 5,041 தாயரை வைத்து இதனை ஆராய்ந்தனர். வலி வருவித்தாலும் காத்திருந்தாலும் சேய்க்குப் பெரிய வேறுபாடில்லை. வருவித்தவழித் தாய்க்கு நோய்த்தொற்றுக் குறைவு என்று கண்டனர். நாள் நிறையாதவர் நிலை வேறு. முப்பத்தேழு வாரத்திற்கு முன் உடைதல் நூற்றுக்கு மூவர்க்கு அளவில் நிகழ்கின்றது. அவர்க்கு நோய்க்கிருமியைத் தடுக்கும் மருந்து கொடுத்துக் காலத்தை நீட்டலாம். சேயின் நுரையீரலை முதிர்விக்கும் ஊசியும் உண்டு. அதன் பயனை நியூசிலாந்து நாட்டு லிக்கின்சு, ஹவி என்னும் இருவர் 1972-இல் வெளியிட்டனர். இவையனைத்தும் உடைந்ததென்று அறிந்தவர்க்கே உதவும்.

வீட்டில் அறியத்தக்கன சில. மூத்திரத்தை அடக்கினால் நிற்கும். பனிநீர் அடக்கினும் நில்லாது. தூய வெண்டுணியோ நாப்கினோ வைத்து அரைமணி படுத்திருந்து எழுந்தால், தேங்கிய நீர் ஒருங்கே வழியும். மூத்திரத்துக்கு அதன் நாற்றம் உண்டு. வெள்ளை தடித்தும் கொழகொழத்தும் இருக்கும். பனிநீர் தண்ணீர்போல் மெலிந்து, நிறமின்றியோ வைக்கோல் நிறத்திலோ, சிறிது செம்மை கலந்தோ இருக்கும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பின், சேய் காட்டுப்பீ என்னும் முதன்மலத்தை உள்ளேயே கழித்ததென்று பொருள்; கணமும் தாழ்த்தலாகாது. தீநாற்றம், சுரம், மிக்க குருதி, சேயின் அசைவு குறைதல், முப்பத்தேழு வாரத்துக்கு முன்னரே நனைதல் ஆகியவற்றுக்கும் அஃதே. நீரோடு கொப்பூழ்க்கொடி வெளிப்படின் அதனைத் தொடாது, தாயை முழங்காலும் மார்பும் தரையிற் பொருந்த இடுப்புயர்த்திக் கிடத்தி 108-ஐ அழைத்தல் வேண்டும். ஐயம் இருக்கும்வரை உள்ளே எதனையும் செலுத்துதலும் கூடலும் ஆகா. ஐயம் தெளிவதற்காகக் காத்திருத்தலும் ஆகாது. மருத்துவமனைக்குச் சென்று மூத்திரமென்று அறிந்து திரும்பி வருதலில் இழுக்கு யாதுமில்லை.

எம் தங்கை 2016-இல் மறுபடியும் கருவுற்றாள். முப்பத்தெட்டாம் வாரத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எம் அறைக் கதவைத் தட்டி, “அண்ணா, உடைந்துவிட்டது. மூன்றரை மணிக்கு. வண்டி எடுங்கள்” என்றாள். அன்னையார் ஒன்றும் பேசாது அவள் நனைந்த துணியை ஒரு பையிலிட்டுத் தம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மருத்துவமனை வாயிலில் நர்சு நேரம் கேட்குமுன் அவரே நேரத்தைச் சொல்லித் துணியையும் எடுத்து நீட்டினார்.